அம்மா விழுங்கிய தண்ணீருக்கு என்ன கணக்கு?

(கத்தோலிக்கப் பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ அல்லாத விசுவாசிகள், கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அக்கா அவர்களே, வருவாரோ மாட்டாரோ என்று நாங்கள் பயந்துகொண்டிருக்க, முதல் ஆளாக வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் பக்கத்துப் பங்கின் பேரவைத் துணைத்தலைவர் அவர்களே, மடத்துச் சிஸ்டர்களே, மரியாயின் சேனைத் தாய்மார்களே, பீடச்சிறுவர்களாக இருந்து இப்போது மீசை வைத்திருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். ஒலிபெருக்கிக்காரத் தம்பியை விட்டுவிட்டால் அவன் என் சத்தத்தைக் குறைத்துவிடுவான். அவனுக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேசப் போகிறேன். ஞாயிறு பூசை கண்டே ஆக வேண்டிய பூசைக் கடன், சாப்பிடாமல் இருக்கும் ஒருசந்தி, குருவிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம். நடுவில் ஒரு பழமொழி அடிக்கடி வரும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான். ஃபாதர் கோபித்துக்கொள்ளக் கூடாது. பழமொழி என்னுடையது இல்லை. நம்மில் பூசாரியையும் 'சாமி' என்றே கூப்பிடுவதால் நமக்குக் குழப்பம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

முதலில் பூசைக் கடன். ஞாயிற்றுக்கிழமை பூசை காணாமல் விட்டால் சாவான பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் படித்தவன் நான். இருபத்தாறு வயதில் நூல் மில்லில் சேர்ந்தேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு பகல் ஷிப்டு. போகாவிட்டால் சம்பளம் போகும், போனால் ஆத்துமம் போகும். பல வருஷம் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், வாங்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒரு வயதான சாமியார் சொன்னார்: "அட, சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு வந்தாலே கடன் தீர்ந்ததே. அதுவும் முடியாது என்றால் உன் பங்குச்சாமியே விலக்குக் கொடுக்கலாமே." உண்மைதான். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 1248-ஆம் சட்டம் சனி மாலையை ஒத்துக்கொள்கிறது. நியாயமான காரணம் இருந்தால் பங்குத்தந்தை விலக்கலாம் என்கிறது 1245. கடமையைச் சொல்லிக்கொடுத்தவர்கள் விலக்கையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சாமி வரம் கொடுத்துத்தான் வைத்திருந்தார்.

இப்போது ஒருசந்தி. இதில் என் அம்மா கதையைச் சொல்லாமல் விடமாட்டேன். முன்பே கேட்டவர்கள் மறுபடியும் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடு இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு எட்டு வயது, முதல்முறையாக நன்மை வாங்கும் புதுநன்மை. பாட்டி கடன் வாங்கி வெள்ளைக் கவுன் தைத்திருக்கிறாள். தலையில் காகிதப்பூ முடி, கையில் மெழுகுதிரி. விடியற்காலையில் உமிக்கரி போட்டுப் பல் விளக்கி வாய் கொப்பளிக்கும்போது ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளைக்குப் பயம். கோயில் வாசலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியாரிடம் போய்ச் சொல்லிவிட்டது. அவர் கேட்டாராம்: "விழுங்கினியா, துப்பினியா?" "கொஞ்சம் விழுங்கிட்டேன், கொஞ்சம் துப்பிட்டேன்." உபதேசியார் சாமியாரிடம் போனார், திரும்பி வந்தார், கையிலிருந்த திரியை வாங்கிக்கொண்டார். நாற்பது பிள்ளைகள் வரிசையாகப் போக, அம்மா மட்டும் அதே வெள்ளைக் கவுனோடு பெண்கள் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்றாள். பாட்டி அழுதது கவுன் கடனுக்கா பிள்ளைக்கா என்று அம்மாவுக்குக் கடைசி வரை தெரியவில்லை. மறுவருஷம் நன்மை கிடைத்தது. அதற்குள் கவுன் குட்டையாகிவிட்டது. கீழே வேறு துணி வைத்துத் தைத்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1953-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) பாப்பரசர் தண்ணீர் குடித்தால் ஒருசந்தி முறியாது என்று மாற்றிவிட்டார். 1957-ல் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் என்று குறைந்தது. 1964-ல் ஆறாம் சின்னப்பர் (பவுல்) பாப்பரசர் அதையும் ஒரு மணி நேரமாக்கினார். தண்ணீர்ச் செய்தியைப் பிரசங்கத்தில் கேட்ட அன்றே அம்மா போய்ச் சாமியாரிடம் கேட்டாளாம்: "அப்போ நான் முழுங்கின தண்ணிக்கு என்ன கணக்கு சாமி?" அவர் சிரித்து, ஒரு மாதா படம் கொடுத்து அனுப்பினாராம். அந்தப் படம் அம்மாவின் செபப் புத்தகத்தில் அவள் சாகும்வரை இருந்தது. கணக்கு மட்டும் வரவில்லை.

கணக்கு என்றதும் என் பழைய பாட்டைப் பாடப் போகிறான் என்று துணைத்தலைவர் சிரிக்கிறார். பாடத்தான் போகிறேன். ஞானமேய்ப்பர்களான குருக்களுக்கு உதவி செய்ய வேண்டும் என்பதும் திருச்சபைக் கட்டளைதான். சந்தா கொடுக்கிறோம், திருநாள் வரி கொடுக்கிறோம். எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு, சந்தா பாக்கி என்று ஒரு பங்கில் கல்யாண ஓலையை, அதாவது கோயிலில் சொல்லும் கல்யாண அறிவிப்பை, வாசிக்காமல் நிறுத்தி வைத்தார்கள். எந்தப் பங்கு என்று சொல்லமாட்டேன். ஏழை என்பதால் எவருக்கும் நன்மை, கல்யாணம் போன்ற அருட்சாதனம் கிடைக்காமல் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 848-ஆம் சட்டம். பங்குதோறும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்பது 537. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது 1287. இவையெல்லாம் ரோமாபுரியில் எழுதியவை, நான் எழுதியவை அல்ல. இங்கேயும் அதே பூசாரி கதைதான்.

இப்படிக் கேட்டால் திருச்சபைக்கு விரோதி என்று பெயர் வைப்பார்கள். நான் அதிகாரமே கூடாது என்கிறவன் இல்லை. 1910-ல் திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவரை இடித்தவர் கௌசானல் என்ற சேசுசபைக் குருதான். பழைய பிரிவினை வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றவர்கள் நம்மைப் போன்ற பொதுநிலையினர். அந்த இடத்தில் வரத்தை மறித்த பூசாரிகள் நாம்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் திருச்சபையின் நன்மைக்காகத் தன் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல விசுவாசிக்கு உரிமை உண்டு, சில நேரம் கடமையும் உண்டு என்று 212-ஆம் சட்டம் சொல்கிறது. பூசை கண்டே ஆக வேண்டிய கடன் திருநாள் மாதிரி இதுவும் கடன்தான். இதை எந்த ஞானோபதேச வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அக்கா மணியடித்துவிட்டார். பாவசங்கீர்த்தனம் அடுத்த கூட்டத்துக்கு. ஃபாதர் அதற்கும் வர வேண்டும். கேட்பது ஒன்றுதான்: வருஷத்துக்கு ஒருமுறை, பாஸ்கு என்ற ஈஸ்டர் முடிந்த முதல் ஞாயிறு, பங்கின் வரவுசெலவைக் கோயில் வாசல் பலகையில் ஒட்டுங்கள். மனு பின்வாசல் மேசையில் இருக்கிறது. டீ குடிக்கும் முன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம்.