கௌரவம்: ஒரே வீட்டின் இரண்டு வக்கீல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழில் நீதிமன்றப் படம் என்றதும் பலருக்குப் பராசக்தியின் கடைசிக் காட்சி ஞாபகம் வரும். எனக்கு முதலில் வருவது 1973-ல் வெளியான கௌரவம். வக்கீல் தொழிலில் இருக்கும் எனக்கு அந்தப் படத்தின் மீது தீராத பிரியம். அதன் தீர்ப்பின் மீது தீராத வருத்தமும் உண்டு. இரண்டையும் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

படத்துக்கு மூலம் ஒரு மேடை நாடகம். வியட்நாம் வீடு சுந்தரம் எழுதிய 'கண்ணன் வந்தான்'. ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யு.ஏ.ஏ. (யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ்) நாடகக் குழு அதை மேடையேற்றியது. பிறகு சுந்தரமே அதைப் படமாக இயக்கினார், அதுதான் அவருக்கு முதல் இயக்கம். நாடகத்தின் பெயர் இளைய வக்கீலான கண்ணன் பக்கம் நின்றது. படத்தின் பெயரோ அவனை வளர்த்த பெரியவர் பக்கம் போய்விட்டது. நடித்தவர் சிவாஜி என்பதால் அது நடக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரிஸ்டர் ரஜினிகாந்த் (இது பாத்திரத்தின் பெயர்) தோல்வியே காணாத கிரிமினல் வக்கீல். குழந்தை இல்லாத அவரும் மனைவி செல்லம்மாவும் கண்ணனைத் தங்கள் பிள்ளையாகவே வளர்க்கிறார்கள். அவனும் வக்கீலாகிறான். பாரிஸ்டர் ஹைகோர்ட் நீதிபதி பதவியை எதிர்பார்க்கிறார், கிடைக்கவில்லை. அந்த ஆத்திரத்தில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட மோகன்தாஸ் என்ற பணக்காரனின் வழக்கை எடுத்து, அவனை விடுதலை செய்ய வைக்கிறார். அவன் உண்மையில் கொலைகாரன். பிறகு அதே ஆள் மேல் இன்னொரு கொலை வழக்கு வருகிறது. இந்த முறை அவன் கொலை செய்யவில்லை. பாரிஸ்டர் மறுபடியும் அவனுக்காக ஆஜராகிறார். எதிரே அரசுத் தரப்பில் கண்ணன்.

பாருங்கள், யார் கொலையாளி என்ற கேள்வியே இங்கே இல்லை. அது நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இந்த இரண்டு பேரில் யார் விழப் போகிறார்கள் என்பதில்தான் படபடப்பு. இது நாடக மேடை தந்த வரம். சபா மேடையில் காரைத் துரத்த முடியாது, மாடியிலிருந்து குதிக்க முடியாது. ஒரு ஹால், நாலு நாற்காலி, எதிரெதிரே நிற்கும் மனிதர்கள், அவர்கள் பேச்சு, அவ்வளவுதான் கையில் இருக்கும். அதனால் சுந்தரம் சண்டையை வீட்டுக்குள்ளேயே மூட்டிவிட்டார். காலையில் ஒரே மேஜையில் காபி குடித்தவர்கள் பகலில் கோர்ட்டில் மோத வேண்டும் என்ற நிலை வரும்போதே பாதி வழக்கு நடந்து முடிந்துவிடுகிறது. உறவினர்கள் எதிரெதிர்த் தரப்பில் ஆஜராகக் கூடாது என்று எங்கள் தொழிலில் தடை எதுவும் கிடையாது. பெற்ற தகப்பன் நீதிபதியாக உட்கார்ந்திருந்தால்தான் மகன் அவர் முன்னால் வாதாடக் கூடாது.

மேடையால் முடியாத ஒன்றைச் சினிமா சேர்த்தது. மேடையில் பாரிஸ்டரும் கண்ணனும் ஒரே காட்சியில் நிற்க வேண்டுமானால் இரண்டு நடிகர்கள் வேண்டும். படத்தில் இரண்டுமே சிவாஜி. பெரியவர் வாயில் பைப்பைக் கடித்துக்கொண்டு, வார்த்தையைப் பல்லிடுக்கில் அரைத்துப் பேசுவார். தலை எப்போதும் ஒரு அங்குலம் உயர்ந்தே இருக்கும். இளையவன் பணிந்து நிற்பான், ஆனால் சொன்னதிலிருந்து இறங்க மாட்டான். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்பதை முகமே சொல்லிவிடுகிறது, வசனம் தேவைப்படவில்லை. நடுவில் பண்டரிபாயின் செல்லம்மா. யார் ஜெயித்தாலும் தோற்கப் போவது அவர்தான். கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் இசையமைத்து, டி.எம். சௌந்தரராஜன் பாடிய 'பாலூட்டி வளர்த்த கிளி', 'நீயும் நானுமா' இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒன்றில் பாசம் புண்பட்டு நிற்கிறது, மற்றதில் அகங்காரம். இரண்டும் ஒரே மனிதரின் குரல்.

நீதிபதி பதவி கிடைக்காத கோபம் என்பது அன்றைய பார்வையாளர்களுக்குப் புதிய செய்தி அல்ல. அதே 1973 ஏப்ரலில்தான் ஷெலத், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். மூவரும் ராஜினாமா செய்தார்கள். நாடகம் அதற்கு முந்தியது, ஆகவே தொடர்பு தற்செயல்தான். ஆனால் படம் அக்டோபரில் வந்தபோது இந்தப் பேச்சு நாட்டில் ஓயாமல் இருந்தது.

சரி, என் வருத்தத்துக்கு வருகிறேன். குற்றவாளிக்காக வாதாடியதற்காகப் பாரிஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன். கட்சிக்காரன் குற்றவாளி என்று மனதில் பட்டாலும் அவனுக்காக வாதாடுவது வக்கீலின் கடமை என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. அவர் செய்த பிழை, அந்த வழக்கைத் தன் கோபத்துக்கு ஆயுதமாக்கியது. நியமனம் செய்யாதவர்களுக்குப் பாடம் கற்பிக்க ஒரு கொலைகாரனை வெளியே விட்டார்.

ஆனால் இரண்டாவது வழக்கு? செய்த கொலைக்குத் தப்பியவன் செய்யாத கொலைக்குத் தண்டனை பெறுகிறான். தியேட்டரில் கைத்தட்டல் எழுகிறது, தெய்வம் நின்று கொன்றது என்று நாம் நிம்மதியாகிறோம். சட்டம் அப்படிக் கணக்குத் தீர்க்காது. விடுதலையான குற்றத்துக்கு மறுபடி விசாரணை கிடையாது. அந்த விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யலாம், அதுதான் நேர்வழி. அன்றைக்கு அமலில் இருந்த 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 54-வது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவன் கெட்டவன் என்பதையே அவனுக்கு எதிரான சாட்சியமாக்கக் கூடாது என்கிறது. தன் நன்னடத்தைக்கு அவனே சான்று கொண்டு வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். ஏன் இந்தப் பிரிவு? ஒருமுறை பெயர் கெட்டவன் மேல் எந்தப் பழியையும் சுமத்திவிடலாம் என்றால், ஊரில் நடக்கும் ஒவ்வொரு குற்றத்துக்கும் பழைய ஆளையே பிடித்து வந்து நிறுத்துவார்கள். எத்தனை ஏழைகள் அப்படி நிற்கிறார்கள் என்பது கோர்ட் வாசலில் நிற்கும் எங்களுக்குத் தெரியும்.

ஆக, இரண்டாவது வழக்கில் சட்டப்படி சரியான பக்கம் நின்றவர் பாரிஸ்டர்தான். படம் அதைச் சொல்வதில்லை. கண்ணன் ஜெயிக்கிறான், பாரிஸ்டர் இறந்துபோகிறார், நாம் பெரியவருக்காக அழுகிறோம், இளையவனுக்காகப் பெருமைப்படுகிறோம். மோகன்தாஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை இந்தப் படம் பார்க்கும்போது, இரண்டு சிவாஜிகளையும் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, கூண்டில் மோகன்தாஸாக நிற்கும் மேஜர் சுந்தரராஜனைக் கவனித்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.