எத்திக்ஸ் கிளாஸுக்கு 7,750 ரூபாயா? ஹார்வர்டு சும்மாவே போட்டிருக்கிறதே!

மக்களே, வணக்கம். புத்தக அலமாரி அடுக்கும் வீடியோ அடுத்த வாரம். இன்றைக்கு வயிற்றெரிச்சலில் கேமராவை எடுத்திருக்கிறேன்.

என் சித்தி பெண் யுபிஎஸ்சிக்கு, அதாவது ஐஏஎஸ் மாதிரிப் பணிகளுக்கான தேர்வுக்குப் படிக்கிறாள். பழைய வீடியோவில் பின்னால் தோசை சுட்டுக்கொண்டு திட்டினாளே, அவள்தான். மெயின்ஸ் என்ற முதன்மைத் தேர்வில் ஜிஎஸ் (பொதுப்பாடம்) நான்காம் தாள் எத்திக்ஸ், அதாவது அறநெறி, 250 மதிப்பெண், 2013-இல் கொண்டுவந்தது. அதற்கென்று ஒரு கோச்சிங் சென்டரில் 6,500 ரூபாய் கட்டியிருக்கிறாள். இருங்கள், 6,500 இல்லை. ஜிஎஸ்டி 18 சதவீதம், அது 1,170. ஆக 7,670. நோட்ஸுக்கு ஸ்பைரல் பைண்டிங் தனியாக 80 ரூபாயாம்! 7,750. அந்த 80 ரூபாய்தான் எனக்கு ஆறவே இல்லை. அவ்வளவு வாங்கினவருக்கு ஒரு கம்பி சுற்றித் தர மனசு வரவில்லை பாருங்கள். அட்டையும் இரண்டாம் நாளே கிழிந்துவிட்டது.

நோட்ஸைப் பிரித்தால் முதல் பக்கமே பிரேக் பிடிக்காத டிராலி, தண்டவாளத்தில் ஓடும் டிராம் வண்டி. நேராகப் போனால் ஐந்து பேர் சாவார்கள், திருப்பினால் ஒருவர். இது 1967-இல் பிலிப்பா ஃபுட் என்ற தத்துவ அறிஞர் கிளப்பிவிட்ட கேள்வி. தத்துவப் பேராசிரியர் மைக்கேல் சாண்டல் ஹார்வர்டில் நடத்திய 'ஜஸ்டிஸ்' (நீதி) வகுப்பு இதிலிருந்துதான் தொடங்கும். 2009-இலிருந்து 12 பகுதிகளாக யூடியூபில் இலவசமாகக் கிடக்கிறது. நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

நோட்ஸில் கேள்விக்குக் கீழேயே விடை அச்சடித்திருக்கிறது. அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. சாண்டல் கையைத் தூக்கச் சொல்வார். ஹார்வர்டின் சாண்டர்ஸ் தியேட்டர் அரங்கு முழுக்கப் பையன்களும் பெண்களும். டிராலியைத் திருப்பலாம் என்று பெரும்பாலோர் கை தூக்குவார்கள். சரி, பாலத்தில் நிற்கும் குண்டு மனிதரை டிராலி முன்னால் தள்ளிவிட்டு ஐந்து பேரைக் காப்பாற்றலாமா என்பார். அவ்வளவுதான், தூக்கின கைகளில் பெரும்பாலானவை இறங்கிவிடும். கணக்கு அதேதான், ஐந்துக்கு ஒன்று. ஏன் இறக்கினாய் என்று ஒவ்வொருவராகக் கிளறுவார். ஸ்லைடை வாசித்துவிட்டுப் போகிற ஆசாமி இல்லை.

அப்புறம் அதே வகுப்பில் வரும் ஒரு கப்பல் வழக்கு. 1884. மிக்னொனெட் என்ற சின்ன பாய்மரக் கப்பல் இங்கிலாந்திலிருந்து சிட்னிக்குப் போகிற வழியில் மூழ்கிவிட்டது. உயிர்காப்புப் படகில் தப்பியவர்கள் நான்கு பேர்: டட்லி, ஸ்டீஃபன்ஸ், புரூக்ஸ், பார்க்கர். சாப்பிட இரண்டு டின் டர்னிப், நடுவில் பிடித்த ஒரு ஆமை. நாட்கள் போகப் போக ஒன்றும் இல்லை. கேப்டன் டட்லி சீட்டுக் குலுக்கலாம் என்றார். புரூக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் டட்லியும் ஸ்டீஃபன்ஸும் சேர்ந்து 17 வயது ரிச்சர்ட் பார்க்கரைக் கொன்றார்கள். மூவரும் சாப்பிட்டார்கள், வேண்டாம் என்ற புரூக்ஸ் உட்பட. முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன்: பையன் கடல் தண்ணீரைக் குடித்து ஏற்கெனவே சுருண்டு கிடந்தான், பெற்றோர் இல்லாதவன். அதனால்தான் அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். 24-ஆம் நாள், காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கப்பல் தெரிந்தது என்று டட்லி எழுதிவைத்திருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு நான் வீடியோவை நிறுத்திவிட்டேன்.

கோர்ட்டில் டட்லிக்கும் ஸ்டீஃபன்ஸுக்கும் மரண தண்டனை, பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைத்தார்கள். பசி, தேவை என்பதெல்லாம் கொலைக்குச் சமாதானம் ஆகாது என்று தீர்ப்பு. நோட்ஸில் இது மொத்தம் நாலே வரி! பையன் சம்மதித்திருந்தால்? குலுக்கலில் அவன் பெயரே வந்திருந்தால்? அந்த வகுப்பில் முக்கால்வாசிச் சண்டை அதில்தான்.

வரலாறு வேண்டுமென்றால் யேல் பல்கலைக்கழகத்தின் பக்கம் போங்கள். டொனால்ட் கேகனின் பண்டைய கிரேக்க வரலாறு, 24 வகுப்புகள். படம் கொஞ்சம் மங்கல், மனிதர் பேச்சு அபாரம். டிமோத்தி ஸ்னைடர் உக்ரைன் பற்றி நடத்தியது 2022-இல், போர் நடக்கும்போதே. கேகன்தான் எனக்குப் பிடித்தவர். ஸ்னைடர் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

தயவுசெய்து இரட்டை வேகத்தில் பார்க்காதீர்கள். மாணவர்கள் யோசித்துத் தடுமாறுகிற இடம்தான் நல்ல இடம், அது ஓடிவிடும்.

கேள்வி இதுதான்: சீட்டுக் குலுக்கியிருந்தால் டட்லி செய்தது சரியாகிவிடுமா? கமெண்டில் எழுதுங்கள். 'சூப்பர் ப்ரோ' என்று மட்டும் போட்டால் லைக் கிடையாது. சித்தி பெண்ணும் படிப்பாள், அவளிடம் அந்த 80 ரூபாயைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள்.