லண்டன் சட்டப் படிப்புக்காக நிலத்தை விற்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். ஒத்தக்கடையில், யானைமலை தெரியும் ஓர் இடத்தில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் சற்றுத் தள்ளி நின்று பேசுகிறேன். திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எனக்கு எழுதியிருக்கிறார். அவருடைய மகள் சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறார், அவரை எல்எல்.எம். படிக்க லண்டனுக்கு அனுப்ப ஒன்றரை ஏக்கர் நிலத்தை விற்க நினைக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் அங்கேயே வக்கீலாகிவிடலாம் என்கிறார்களே, உண்மையா அம்மா என்று கேட்டிருக்கிறார்.

இதே பேச்சை நம்பித்தான் நானும் போனேன் என்பதால் இதற்கு விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். எனக்கு இதைச் சொன்னவர் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஒரு நிறுவனத்தின் ஊழியர். லண்டனில் இறங்கி மூன்று வாரம் கழித்துத்தான், எல்எல்.எம். என்பது ஓராண்டு முதுநிலைப் பட்டம், அதைக் கொண்டு மட்டும் அங்கே யாரும் வழக்கறிஞராக முடியாது என்று எனக்குத் தெரிந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் என்ற வகை வழக்கறிஞர் ஆவதற்கு 2021 செப்டம்பர் முதல் எஸ்.கியூ.இ. (சொலிசிட்டர் தகுதித் தேர்வு) என்ற தேர்வு நடைமுறையில் இருக்கிறது. அதன் முதல் பகுதியில் 360 கொள்குறி வினாக்கள். இரண்டாம் பகுதி, கட்சிக்காரரிடம் விவரம் கேட்பது, வாதிடுவது, ஆவணம் எழுதுவது போன்ற தொழில் திறனைச் சோதிப்பது. முதல் பகுதியை இந்தியாவில் இருந்தபடியே எழுதலாம். இரண்டாம் பகுதியின் வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் அங்கே போக வேண்டும். சொலிசிட்டராகப் பொதுவாக இரண்டாண்டுப் பணி அனுபவமும் கட்டாயம். இந்தியாவில் பதிவு பெற்ற வழக்கறிஞருக்கு அது தேவையில்லை. இந்தத் தேர்வை எழுத எல்எல்.எம். பட்டமும் தேவையில்லை. இந்த ஒரு செய்தியை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால், என் அம்மாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போயிருக்காது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் எல்எல்.பி. பட்டத்தையே வெளிநாட்டில் படிக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்திருக்க வேண்டும். திரும்பி வந்ததும் அது நடத்தும் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். அதற்குப் பிறகுதான் இங்கே கறுப்பு அங்கி அணிய முடியும்.

அப்படியானால் அந்த ஓராண்டு எனக்கு வீணா என்றால், இல்லை. இங்கே தேர்வுக்காகச் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்து எழுதிய எனக்கு, அறுபது பக்கத் தீர்ப்பைக் கையில் கொடுத்து, வழக்கின் போக்கை மாற்றிய ஒரு பத்தியை மட்டும் காட்டச் சொன்ன வகுப்புகள் புதியவை. வாதம் முழுவதையும் சில பக்கங்களில் சுருக்கி, நீதிபதி எந்த வரியைத் தேடுவாரோ அந்த வரியை முதலில் வைக்கும் பழக்கம் அங்கே வந்தது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஏற்றுமதி செய்யும் ஒருவர், தகராறு வந்தால் லண்டனில் நடுவர் தீர்ப்பாயம் என்று எழுதிய ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தபோது, ஒரு நாட்டின் நடுவர் தீர்ப்பை மற்ற நாடுகளும் ஏற்கச் செய்யும் 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையும் நம்முடைய 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டமும் எங்கே பொருந்துகின்றன என்று அவருக்குத் தயங்காமல் விளக்க முடிந்தது. ஆனால் அப்படிப்பட்ட வழக்கு எனக்கு ஆண்டுக்கு ஒன்று வந்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் பாகப்பிரிவினை, பட்டா மேல்முறையீடு, ரிட் மனுக்கள்தாம். திரும்பி வந்த முதல் மாதம், உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு பாட்டி, "தாயி, இந்தப் பத்திரம் செல்லுமா செல்லாதா, அத மட்டும் சொல்லு" என்று கேட்டார். அதற்கு உடனே பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தது, போவதற்கு முன் முன்சீப் கோர்ட்டில் சீனியரின் வழக்குக் கட்டுகளைச் சுமந்த நான்கு ஆண்டுகள்.

உசிலம்பட்டி என்றதும், மதுரை யானைக்கல்லில் சிலையாக நிற்கும் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. 1887இல் செங்கன்னூரில் பிறந்தவர், எடின்பரோவில் எம்.ஏ., லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் படிப்பு. 1909இல் நாடு திரும்பி, பிறகு மதுரையில் தொழில் செய்தார். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பெயரால் பிரமலைக் கள்ளர்களிடம் கைரேகை வாங்கியதையும், இரவில் ஊரைவிட்டு நகர முடியாதபடி அவர்களைக் கட்டிப்போட்டதையும் எதிர்த்து நீதிமன்றத்தில் வாதிட்டார், பத்திரிகைகளில் எழுதினார். அந்தச் சட்டத்தை எதிர்த்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்த காலம் அது. மில் தொழிலாளர்களுக்காக 1918இல் மதுரையில் சங்கம் கண்டவரும் அவரே. மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். உசிலம்பட்டி வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தில் கற்ற சட்டத்தை, பள்ளிக்கூடமே பார்க்காத மக்களுக்காகக் கையிலெடுத்தவர் அவர். வெளிநாட்டுப் படிப்பு என்று யார் பேச்சை எடுத்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான்.

ஐயா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிலத்தை இப்போது விற்க வேண்டாம். மகள் முதலில் தமிழ்நாடு பார் கவுன்சிலில் பதிவு செய்யட்டும். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, பொதுப் பிரிவினருக்கு அதன் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அகில இந்திய பார் தேர்வை முடித்துவிட்டு, திருமங்கலம் கோர்ட்டிலேயே நல்ல சீனியர் ஒருவரிடம் சேரட்டும். இரண்டாண்டுப் பணி அனுபவம் இருந்தால் பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கல்விக் கட்டணத்தையும் தங்கும் செலவையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அந்த இரண்டாண்டை 2,800 மணி நேர வேலை என்று கணக்கிடுவார்கள். ஆகவே முதல் நாளிலிருந்தே எந்தத் தேதியில் எந்த வழக்குக்காக எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.