கஞ்சமலைக் கருமணல்

(சேலத்தில் நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

முதலில் ஒரு சின்ன வேலை. இந்தத் தாளில் இருப்பது, போன மழை விட்ட மறுநாள் கஞ்சமலை அடிவாரத்து ஓடையில் நான் அள்ளிய மணல். இதற்குள் காந்தத்தை ஒருதரம் விட்டு எடுக்கிறேன், பாருங்கள். மீசை முளைத்த மாதிரி கறுப்பாக ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதுதான் மேக்னடைட், இரும்புத் தாது. இப்படியே கைமாற்றிக் கடைசி வரிசை வரைக்கும் கொடுங்கள். பார்த்து, கொட்டிவிடாமல்!

மலையிலிருந்து இதை மழை இறக்கிக் கொடுக்கும். ஓடைத் தண்ணீரில் அரித்தால் வெள்ளை மணல் லேசு என்பதால் ஓடிவிடும், கனத்த கருமணல் அடியில் தங்கும். சேலத்தின் இரும்புக் கதை இந்த அரிப்பில்தான் ஆரம்பிக்கிறது. எவ்வளவு பழையது? மேட்டூர்ப் பக்கம் மாங்காட்டில் ஈமச்சின்னத்தில் கிடைத்த இரும்பு வாளின் காலம் கி.மு. 1604-க்கும் 1416-க்கும் இடைப்பட்டது என்று ஆய்வு சொல்கிறது. நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்டியபோது மணிகள் மட்டுமா கிடைத்தன? இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன.

இரும்பு வேறு, உருக்கு வேறு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரின் பெருமை இந்த இடத்தில்தான் இருக்கிறது. மண் உலையில் கருமணலையும் மரக்கரியையும் போட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி எடுப்பது தேனிரும்பு. அடித்தால் வளையும், கூர் நிற்காது. அதை உருக்காக்க இங்கே என்ன செய்தார்கள் என்பதை 19-ஆம் நூற்றாண்டில் நேரில் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். உமி கலந்து பிசைந்த களிமண்ணில் சிறு குடுவை. அதற்குள் இரும்புத் துண்டுகள். கூடவே காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிப் போடுவார்கள், இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு. மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. வாயைக் களிமண்ணால் இறுக அடைத்துக் காயவிடுவார்கள். இருபது, இருபத்துநாலு குடுவைகளை உலைக்குள் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் விடாமல் ஊதுவார்கள். ஆறிய பிறகு குடுவையை உடைத்தால் உள்ளே ஒரு உருக்குக் கட்டி. அதன் மேல்முகத்தில் நடுவிலிருந்து ஓரம் வரை கதிர் மாதிரி கோடுகள் ஓடியிருந்தால் நன்றாக உருகியிருக்கிறது என்று அர்த்தம். ஓட்டை விழுந்திருந்தால் சரியில்லை.

ஆவாரையும் எருக்கும் சடங்குக்காகப் போட்டவை என்று நினைத்துவிடாதீர்கள். அவை கரிந்து, இரும்புக்குள் கரிமம், அதாவது கார்பன், ஏற வேண்டும், நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்குக்குள். கூடினால் நொறுங்கும், குறைந்தால் மழுங்கும். தராசும் வெப்பமானியும் இல்லாமல் அந்த அளவைக் கண்ணாலும் கையாலும் பிடித்தவர்கள் நம் கொல்லர்கள். தென்னிந்திய உருக்குக்கு ஐரோப்பியர் வைத்த ‘வூட்ஸ்’ என்ற பெயரே ‘உக்கு’ என்ற நம் பக்கத்துச் சொல் திரிந்ததுதான் என்பார்கள். அந்தக் கட்டியை லண்டனில் வைத்துக்கொண்டு 1819 வாக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்குப் பேர்போன அதே ஃபாரடே. அவரும் ஒரு கொல்லர் மகன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

அடுத்து வருகிறார் ஜோசையா மார்ஷல் ஹீத். சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். இந்த உருக்கைப் பார்த்து அசந்து, வேலையை விட்டு, 1830-இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை வைத்தார். சேலத்துத் தாது பரிசலில் ஆற்றோடு இறங்கிக் கடற்கரைக்குப் போனது. ஆனால் அந்த ராட்சத உலைக்குத் தீனி மரக்கரி. பக்கத்துக் காடு தீர, அடுத்த காடு. கரி வரும் தூரம் கூடிக்கொண்டே போனது, நஷ்டமும் கூடியது. ஹீத் இங்கிலாந்து திரும்பி, உருக்கோடு மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைகள் அதனால் கொழித்தன, அவரோ வழக்காடியே ஓய்ந்துபோனார். பாவம்தான். ஆனாலும் அவர் பெயராவது ஏட்டில் நிற்கிறது. அவருக்குக் குடுவையைத் திறந்து காட்டிய ஆசாரியின் பெயர் எங்கே இருக்கிறது?

அந்த ஆசாரிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் அடி. கப்பலில் மலிவான சீமை இரும்பு வந்து இறங்கியது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்து, கரி சுடக் காட்டுக்குள் நினைத்தபடி போக முடியாமல் ஆக்கியது. உலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன.

நம் உருக்காலைக் கதை இங்கே பலருக்குத் தெரியும். 1967-இல் அண்ணா எழுச்சி நாள் நடத்திக் கேட்டது, 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியது. கஞ்சமலைத் தாது, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி என்பதுதான் முதல் திட்டம். வந்ததோ துருப்பிடிக்காத தகடு உருட்டும் ஆலை. மலையின் தாது மலையிலேயே இருக்கிறது. ஏமாற்றம் என்று சொல்பவர்கள் உண்டு. மலை தப்பியதே என்று ஆறுதல் படுகிறவன் நான்.

வயலை உழும்போது கறுப்பாக, கண்ணாடி மாதிரி மினுமினுப்போடு, பொத்தல் பொத்தலாகக் கனத்த கல் வருமே, நம் பக்கத்தில் சிட்டக்கல் என்போம். அது உலைக் கசடு. நான் சின்ன வயதில் ஏறி விளையாடிய ஒரு சிட்டமேட்டை, தரை நிரப்ப என்று லாரி லாரியாக அள்ளிவிட்டார்கள். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை நான். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதில் மிஞ்சியது இதோ, என் கையில் இருக்கும் இந்த ஒரு துண்டுதான்.

உங்கள் வயலில் அப்படி மேடு இருந்தால், கல்லை எடுத்துக்கொண்டு வர வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எந்த ஊர், எந்த வயல், எவ்வளவு உயரம் என்று மட்டும் வாசலில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் சைக்கிளில் வந்து பார்க்கிறேன். அம்மா, அந்தக் காந்தம் உங்கள் வரிசைக்கு வந்துவிட்டதா?