பிரிச்சு மேயுறதுன்னா என்ன?

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு வார்த்தையத்தான் எடுத்துட்டு வந்திருக்கேன், 'பார்ஸ்', அதாவது ஒரு சொல்லையோ வரியையோ பகுதி பகுதியா பிரிச்சுப் புரிஞ்சுக்கறது. கோடிங் பண்றவங்க தினமும் திட்டுற வார்த்தை, ஒரு பிராக்கெட்ட மூட மறந்தா போதும், 'பார்ஸ் எரர்'னு வந்து நிக்கும். ஆனா இது கம்ப்யூட்டரோட பொறந்த சொல் இல்ல. லத்தீன்ல 'பார்ஸ்'னா பகுதி. லத்தீன் சொல்லித் தர்ற வாத்தியாருங்க ஒரு சொல்லைக் காட்டி, இது பெயரா வினையா, வாக்கியத்துல எந்தப் பகுதின்னு பசங்களக் கேப்பாங்க, அந்தக் கேள்விதான் 16-ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷ்ல ஒரு வினைச்சொல்லாவே ஆயிடுச்சு.

நமக்கு இது பழகின வேலைதான். பகுபத உறுப்பிலக்கணம்னு மனப்பாடம் பண்ணி எழுதினோமே, ஞாபகம் இருக்கா? பவணந்தி முனிவர் நன்னூல்ல 6 உறுப்பு சொல்றாரு. 'நடந்தனன்'னு ஒரு சொல்லை எடுங்க. நட பகுதி, அடுத்து வர்ற த் சந்தி, அது ந் ஆனது விகாரம், இன்னொரு த் இறந்தகால இடைநிலை, ஒரு அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் விகுதி. 6-ம் ஒரே சொல்லுக்குள்ள! அந்தக் கடைசி அன் இருக்கறதாலதான் நடந்தது யாருன்னு தெரியுது, இத மட்டும் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க.

சொல்லைத் தாண்டி வாக்கியத்துக்கு வந்தா இன்னும் கூத்து. 'அவன் நேத்து வந்த பையனப் பாத்தான்'. நேத்து வந்தானா, நேத்து பாத்தானா? எழுத்துல ரெண்டுக்கும் இடமிருக்கு, பேசும்போது எங்க நிறுத்துறோம்ங்கறத வச்சு காது புரிஞ்சுக்குது, பாவம் கம்ப்யூட்டர் அதுல முழிக்கும். 05/06 ஜூனா மேயான்னு முழிக்கறதும் இதே கதைதான்.

இப்போ எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வரேன். பெரிய ஆளுங்க அறிக்கை விட்டா பத்திரிகைக்காரங்க அதையும் 'பார்ஸ்' பண்ணுவாங்க, நம்ம பாஷையில சொன்னா பிரிச்சு மேயுறது. 'தவறு நடந்திருந்தால் வருந்துகிறோம்'னு ஒரு வரி வருதுன்னு வைங்க. அதே நட தான், ஆனா இங்க கடைசில அன்னும் இல்ல ஓமும் இல்ல, 'ஆல்' தான் இருக்கு, அது நிபந்தனை எச்சம், யாரு செஞ்சாங்கன்னு காட்ட விகுதிக்கு அங்க இடமே கிடையாது. தவறு தானா நடந்து போச்சு, அதுவும் நடந்திருந்தா தான்! அடுத்த சொல்லப் பாருங்க, வருந்துகிறோம், கணீர்னு ஒரு 'ஓம்'. வருத்தப்படுறதுக்கு ஆள் இருக்கு, தவறு செஞ்சதுக்கு ஆளே இல்ல.

இதே வரிய 'தவறு செய்தோம்'னு எழுதிப் பாருங்க, நட போயி செய் வருது, 'ஆல்' போயி 'ஓம்' வருது, அவ்வளவுதான். அந்த ஒரு விகுதிய எழுதத்தான் கை வரமாட்டேங்குது.