இலங்கையில் ஃபைபர் படகுப் பட்டறை: கூலிக்கு முன் ரெசின் கணக்கு

மும்பை நேயர்களுக்கு வணக்கம்.

இங்கே ஃபைபர் பட்டறை நடத்தும் நம்மவர்களுக்கு இலங்கையில் படகு கட்டும் யோசனை வந்தால் அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. இடவாடகை மும்பையைவிடக் குறைவு. வடக்கிலும் கிழக்கிலும் தமிழிலேயே வேலை வாங்கலாம். கரையோரத்தில் ஃபைபர் படகில் பழகிய கைகள் கிடைக்கும். கொழும்பு பெரிய கப்பல் துறைமுகம்.

ஆனால் கூலியை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் தப்பும். சம்பளத்தின்மேல் முதலாளி பங்காக ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 12 சதவீதமும் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதமும் சேரும். அதைவிட முக்கியமாக, படகில் காசு கரைகிற இடம் ரெசின், அதாவது கண்ணாடி இழையில் ஊறி இறுகும் பிசின் திரவம்.

ஒரு ஹல்லுக்கு (படகின் உடற்பகுதி) 110 கிலோ கண்ணாடி இழை என்று வைத்துக்கொள்வோம். மேட்டும் (துண்டு இழை விரிப்பு) ரோவிங்கும் (நெய்த இழைத் துணி) கலந்த அடுக்கில் இழை 37 சதவீதம் இருந்தால் மொத்தம் 297 கிலோ வரும், அதில் ரெசின் 187 கிலோ. ரோலர் ஓட்டாமல் ரெசினை அள்ளி ஊற்றி, இழை 28 சதவீதத்துக்கு இறங்கினால் அதே ஹல் 393 கிலோ ஆகிவிடும். 96 கிலோ ரெசின் வீண். அந்தக் கனத்தைப் படகு ஆயுள் முழுக்கச் சுமக்கும், எஞ்சின் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். இழை குறைந்த இடம் எளிதில் நொறுங்கவும் செய்யும். அதனால் இழையை வெட்டியதும் எடை போடுங்கள். மேட்டுக்கு அதன் எடையைப் போல 2 முதல் இரண்டரை மடங்கு, ரோவிங்குக்குச் சம எடை என்று ரெசினை வாளியில் அளந்துதான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர். 10 கிலோ ரெசினுக்கு 150 கிராம், அதாவது 1.5 சதவீதம் என்பது நல்ல நடு அளவு. வெயிலில் வாளியிலேயே இறுகுகிறதே என்று சிலர் 1 சதவீதத்துக்கும் கீழே குறைப்பார்கள். அப்படிப் போட்ட ஹல் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே முழுதாக இறுகியிருக்காது. கடலில் கிடக்கக் கிடக்கக் கொப்புளம் வரும். வெப்ப நாட்டுக்குத் தாமதமாக இறுகும் ரெசின் தரம் வேண்டும் என்று விற்பவரிடம் கேட்டு வாங்குவதுதான் சரி. ஹார்டனரையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஒரே அலமாரியில் வைக்கவே கூடாது. நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

படகின் வெளிப்பூச்சான ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் வேண்டும். கேஜ் வைத்துப் பாருங்கள். மெலிந்த இடத்தில் அடுத்த அடுக்கு ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் ஊறி, முதலைத்தோல் போலச் சுருங்கிவிடும். சுரண்டித் திரும்பப் போட ஆகும் நாட்களில் மலிவான கூலியின் லாபமெல்லாம் போய்விடும்.

ரெசின் மூடிய டிரம்மில் 25 டிகிரியில் சுமார் 6 மாதம் தாங்கும். தகரக் கூரைக்கு அடியில் அத்தனை நாள் தாங்காது. ரெசின் எரியும் திரவ வகை, ஹார்டனர் ஆர்கானிக் பெராக்சைடு வகை. இரண்டுக்கும் கப்பல் விதிகள் வேறு. ஒன்று துறைமுகத்தில் நின்றால் மற்றது பழசாகும். முதல் வருடம் இரண்டையும் உள்ளூர் விற்பனையாளரிடமே வாங்குங்கள், விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. மழைக்காலத்தில் மேட் சுருள்களை மூடிய உலர்ந்த அறையில் வையுங்கள். ஈரம் ஏறிய மேட் ரெசினைச் சரியாகக் குடிக்காது.

அச்சு போடும் முன்பே படகின் அகலத்தை முடிவு செய்துவிட வேண்டும். 40 அடி கண்டெய்னரின் கதவு அகலம் 2.34 மீட்டர். தாங்கு சட்டத்தோடு சேர்த்து 2.25-க்குள் அடங்கும் படகு நேராக உள்ளே போகும். அதற்கு மேல் போனால் இரும்புச் சட்டத்தில் சாய்த்து ஏற்றலாம், இல்லையேல் பக்கச் சுவரும் கூரையும் இல்லாத ஃபிளாட் ரேக் கண்டெய்னர் பிடிக்க வேண்டும். அதன் சரக்குக் கட்டணம் மிகவும் கூடுதல். மேல்தளம் இல்லாத படகுகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கலாம்.

ஐரோப்பாவுக்கு விற்பதானால், 2.5 முதல் 24 மீட்டர் வரையுள்ள உல்லாசப் படகுக்கு ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்தது என்று காட்டும் சி.இ. முத்திரை கட்டாயம். 12 மீட்டருக்கு உட்பட்ட சி பிரிவுப் படகு, அதாவது 2 மீட்டர் அலைவரை தாங்குவது, தரநிலைகளை முழுதாகப் பின்பற்றினால் கட்டுபவரே சான்று கொடுக்கலாம். இன்னும் பெரிய அலைக்கான ஏ, பி பிரிவுகளுக்கு வெளி அமைப்பின் சோதனை வேண்டும். அதனால் சி பிரிவில் தொடங்குவதே என் பரிந்துரை.

நிலத்தைக் குத்தகைக்கு எடுங்கள். வெளிநாட்டுப் பங்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி நிலம் வாங்க 2014-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. குத்தகையில் கையெழுத்திடும் முன் மத்திய சுற்றாடல் (சுற்றுச்சூழல்) அதிகார சபையிடம் உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

பணம் போகும் வழியும் முக்கியம். தனிநபர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்புக்குள் முதலிடலாம். இங்குள்ள வங்கி வழியாக வெளிநாட்டு முதலீட்டுக்கான எஃப்.சி. படிவம் கொடுத்து, ரிசர்வ் வங்கியின் தனி எண் பெற வேண்டும். இலங்கையில் அந்தப் பணம் வெளிநாட்டு முதலீட்டுக்கென அங்குள்ள வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கில்தான் இறங்க வேண்டும். பட்டறைக்கு முன்பணம் கொடுக்குமுன் அந்தக் கணக்கைத் திறந்துவிடுங்கள். நண்பர் கணக்கு வழியாகவோ ரொக்கமாகவோ போன பணத்தை முதலீடு என்று காட்ட முடியாது, லாபத்தைத் திரும்பக் கொண்டுவருவதும் சிக்கலாகிவிடும்.