சீருடையா, ஓவரோலா?

நடுவர் ஐயாவுக்கும் ஹட்டன் சபையோருக்கும் வணக்கம்.

படையில் இருந்து, அப்புறம் எண்ணெய் வயலில் உழைத்து, பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு மறைந்த ஒருவரை எதைச் சொல்லி நினைப்பது, படைச் சீருடையையா, எண்ணெய் வயலில் போட்ட வேலை உடுப்பான ஓவரோலையா என்பது இன்றைய கேள்வி. நான் ஓவரோல் பக்கம். சீருடையைச் சொல்லி என்றார் எதிரணித் தங்கச்சி. நல்லாத்தான் பேசினார், நானும் கைதட்டினேன். ஆனால் சாட்சிக்கு அவர் காட்டியது கண்டி போர்க் கல்லறையை. சரி, போய்ப் பாருங்கள். கல்லுக்குக் கல் பெயரும் படையணியும் வெட்டியிருக்கும். புல்லைக்கூட ஆள் வைத்துப் பராமரிக்கிறார்கள். சீருடையை நினைக்க ஆள் இருக்கிறது ஐயா, நாங்கள் தொண்டை வறளப் பேச வேண்டியதில்லை.

இப்போது குவைத்துக்கு வாருங்கள். 1991 தொடக்கத்தில், பின்வாங்கிய ஈராக் படை 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்திவிட்டுப் போனது. பெப்ரவரிக் கடைசியில் சண்டை நின்றுவிட்டது. தீ நின்றதா? கடைசிக் கிணறு அணைய நவம்பர் ஆனது. அணைத்தவர்கள் எண்ணெய்த் தொழிலாளர்கள். புகையில் பகலே இருட்டு. கடற்கரைக்கு எண்ணெய் கொண்டுபோன அதே குழாய்களில் கடல்நீரைத் திருப்பி விட்டு, பாலைவனத்தில் குளம் கட்டித் தேக்கி, கொதிக்கும் இரும்பின் மேல் பாய்ச்சினார்கள். சில கிணறுகளில் வெடி வைத்துத் தீயை அணைத்தார்கள். அணைந்த பிறகுதான் உண்மையான பயமே. எண்ணெய் பீறிட்டுக்கொண்டே இருக்கும், ஒரு பொறி பட்டால் எல்லாம் முடிந்தது. தலையிலிருந்து கால் வரை எண்ணெய் மழையில் நனைந்தபடிதான் மூடியைப் பொருத்த வேண்டும். வீரம் என்றால் படைதான் என்றாரே தங்கச்சி, இதை எந்தக் கணக்கில் வைப்பார்?

பிள்ளைகளை ஆளாக்கிய குடும்பத் தலைவர் என்ற பேச்சும் இந்த வேலைக்குள்தான் அடங்குகிறது. நம் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வளைகுடா போனவர்களின் வீட்டில் கேளுங்கள். மாற்றிய கூரைத் தகரம், அக்கா கல்யாணம், தம்பியின் ஏ.எல். பரீட்சை டியூசன், எல்லாம் அந்தச் சம்பளம்.

ஆனால் பஸ் நிலையச் சுவரில் ஒட்டும் மரண அறிவித்தலை வாசித்துப் பாருங்கள். பிறப்பிடம், வதிவிடம், இன்னாரின் மகன், மருமகன், மைத்துனர், சம்பந்தி என்று நீண்டுகொண்டே போகும். செய்த வேலைக்கு அரை வரி கிடைத்தால் பெரிது. படையில் இருந்தவர் என்றால் மட்டும் சீருடைப் படம் பெரிதாக வரும். அந்தப் படத்தை எடுக்கச் சொல்லவில்லை, இருக்கட்டும். பக்கத்தில் எந்த எண்ணெய் வயல், என்ன வேலை, எத்தனை வருடம் என்று ஒரு முழுப் பந்தி எழுதுங்கள் என்கிறேன்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். வணக்கம்.